வேறு பிரபஞ்சங்கள் உண்டா? உப்புவெளிக் கடற்கரையில் கேட்ட கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். மழை இல்லாத மாதங்களில் அமாவாசையை ஒட்டி ஒரு சின்னத் தொலைக்காட்டியைத் தூக்கிக்கொண்டு உப்புவெளிக் கடற்கரைக்குப் போவோம். மாணவர்கள் வருவார்கள், அவர்களைக் கூட்டிப் போக வரும் பெற்றோர் கொஞ்ச நேரம் நிற்பார்கள், பக்கத்தில் வலை சரிபார்க்கும் மீனவர்களும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். சனியின் வளையத்தைப் பார்த்து முடிந்ததும் எப்படியும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சேர், இதுக்கு அங்கால வேற பிரபஞ்சம் இருக்கா?" பதிலைப் பாதி சொல்லும்போதே நேரம் பத்தரை ஆகிவிடும், பிள்ளைகள் கலைந்து போவார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றோடு சேர்ந்து வருகிற மற்றக் கேள்விகளையும் எடுத்து, இங்கே ஆறுதலாக இருந்து பதில் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இருக்கா இல்லையா?

இன்றுவரை ஒரு வேற்றுப் பிரபஞ்சத்தையும் யாரும் கண்டதில்லை, அளந்ததும் இல்லை. ஆனால் "வேறு பிரபஞ்சம்" என்ற ஒரே பெயரை வைத்து விஞ்ஞானிகள் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். நாம் பார்க்கக்கூடிய தூரத்துக்கு அப்பால் இருக்கும் வெளி முதலாவது. நம்முடைய பெருவெடிப்பைப் போல வேறு பெருவெடிப்புகளில் பிறந்திருக்கக்கூடிய குமிழிகள் இரண்டாவது. குவாண்டம் விதிகளை ஒரு குறிப்பிட்ட விதமாக வாசித்தால் வரும் கிளை உலகங்கள் மூன்றாவது. முதலாவதை நான் கிட்டத்தட்ட நிச்சயம் என்பேன். இரண்டாவது நல்ல காரணங்களோடு வைக்கப்பட்ட ஊகம். மூன்றாவதைப் பற்றி பௌதிகவியலாளர்களே அறுபது வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடிக்கிறார்கள். யூடியூப் காணொளிகள் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். யாராவது "இருக்கு" என்றோ "இல்லை" என்றோ சொன்னால் உடனே திருப்பிக் கேளுங்கள்: எந்தப் பிரபஞ்சத்தைச் சொல்கிறீர்கள்?

பிரபஞ்சம் என்றால் "எல்லாமும்" என்றுதானே அர்த்தம், எல்லாவற்றுக்கும் வெளியே இன்னொன்று எப்படி?

சரியான கேள்வி. சொல் பழைய அர்த்தத்தில் நிற்கிறது, பயன்பாடு நகர்ந்துவிட்டது. இன்று விண்ணியலில் பிரபஞ்சம் என்று பேசும்போது பெரும்பாலும் காணக்கூடிய பிரபஞ்சத்தைத்தான் சொல்கிறார்கள், அதாவது ஒளி நம்மிடம் வந்து சேர நேரம் இருந்த பகுதியை.

கோணேசர் கோயிலுக்குப் போனவர்கள் இராவணன் வெட்டுப் பக்கமாக நின்று கிழக்கே பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்தில் இருந்து நூறு மீட்டர் உயரத்தில் நிற்கிற ஒருவருக்குத் தொடுவானம் சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும். கீழே டச்பே மணலில் நின்று பார்த்தால் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் கோட்டோடு கடல் முடிந்துவிட்டது என்று நம் மீனவர்கள் யாரும் நினைப்பதில்லை, தினமும் அதைத் தாண்டிப் போய் வருகிறவர்கள் அவர்கள். அதே திசையில் நேராகப் போனால் சுமார் 1300 கிலோமீட்டரில் நிக்கோபார்த் தீவுகள் வரும். தொடுவானம் கடலின் எல்லை இல்லை, நாம் நிற்கிற இடத்தின் எல்லை.

பிரபஞ்சத்துக்கும் அப்படி ஒரு தொடுவானம் உண்டு. பெருவெடிப்பு நடந்து 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன, அதைவிட அதிக நேரம் எந்த ஒளியும் பயணம் செய்திருக்க முடியாது. வந்துகொண்டிருக்கும்போதே வெளியும் விரிந்ததால், நாம் பார்க்கும் மிகத் தொலைவான பொருள்கள் இப்போது ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன. நம்மைச் சுற்றி அந்த ஆரையில் ஒரு கோளத்தைக் கீறினால் அதுதான் காணக்கூடிய பிரபஞ்சம். நடுவில் நாம் இருப்பதால் நமக்கு ஒரு விசேஷமும் இல்லை, கடலில் நிற்கும் ஒவ்வொரு தோணிக்கும் தன்னைச் சுற்றி ஒரு வட்டத் தொடுவானம் இருக்கிறதே, அதுபோலத்தான்.

அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது?

இங்கே இருப்பதுபோலவே விண்மீன்களும், கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடிய பேரடைகளும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பிளாங்க் செய்மதி 2009இல் ஏவப்பட்டது. அதன் அளவீடுகளை மற்ற அவதானிப்புகளோடு சேர்த்துப் பார்த்தபோது, பெரிய அளவில் வெளி தட்டையானது என்று வந்தது. வானத்தில் மாபெரும் முக்கோணம் ஒன்றைக் கீறினால் அதன் கோணங்கள் 180 பாகையாகவே கூடும் என்று அர்த்தம், தவறுக்கு இருக்கும் இடம் ஒரு சதவீதத்திலும் மிகக் குறைவு. ஆகவே வெளி ஒன்றில் முடிவே இல்லாதது, அல்லது நாம் பார்க்கும் பகுதியைவிட மிக மிகப் பெரியது. சரியாகத் தொடுவானத்தோடு எல்லாம் முடிந்துபோக ஒரு காரணமும் இல்லை.

கடலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்னவோ செய்யும். தொடுவானத்துக்கு அப்பால் போன வள்ளம் விடியப்புறம் திரும்பி வந்து சேதி சொல்லும். பிரபஞ்சத் தொடுவானத்துக்கு வெளியே மிகத் தூரத்தில் இருப்பவை எவ்வளவு காலம் காத்திருந்தாலும் நமக்குச் சேதி அனுப்பப் போவதில்லை, ஏனென்றால் இடையில் உள்ள வெளி ஒளி கடப்பதைவிட வேகமாகக் கூடிக்கொண்டே போகிறது.

அப்படியென்றால் எங்கோ இன்னொரு நான் இருக்கிறேனா?

வெளி உண்மையிலேயே முடிவில்லாததாக இருந்து, எங்கும் பொருள் இங்கே இருப்பதுபோலப் பரவியும் இருந்தால், ஆம் என்றுதான் கணக்கு வருகிறது. 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. 32 சீட்டை நாலு பேருக்கு எட்டு எட்டாகப் பிரிக்க எத்தனை விதம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால், ஆயிரம் கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வருகிற எண்ணுக்குக் கிட்ட வரும். ஒரு ஆயுள் முழுக்க விளையாடினாலும் அதில் ஒரு தூசுகூடத் தீராது. ஆனாலும் அந்த எண்ணுக்கு ஒரு முடிவு இருக்கிறது. ஆகவே முடிவே இல்லாமல் சீட்டுப் பிரித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கு உங்கள் கையில் வந்த அதே சீட்டு, மற்ற மூன்று பேருக்கும் அதே சீட்டாக, திரும்ப வந்தே ஆகும்.

ஒரு குறிப்பிட்ட கன அளவுக்குள் அணுக்களை அடுக்கக்கூடிய விதங்களும் அப்படித்தான், கற்பனைக்கு எட்டாத பெரிய எண், ஆனால் முடிவுள்ளது. எனவே போதுமான தூரம் போனால் இதே பூமி, இதே கடற்கரை, இதைக் கேட்கும் இதே நீங்கள். அந்தத் தூரத்தை எழுத வேண்டிய பூச்சியங்களை எழுத இந்த உலகத்துக் காகிதம் எல்லாம் சேர்த்தாலும் போதாது. முடிவில்லாதது என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதை உணர்வதற்கு இது நல்ல பயிற்சி. ஆனால் வெளி முடிவில்லாதது என்பது நிரூபிக்கப்படாதது, தட்டை என்பது வேறு, முடிவில்லாதது என்பது வேறு.

குமிழிப் பிரபஞ்சங்கள் என்கிறார்களே, அது எங்கிருந்து வந்த யோசனை?

ஒரு புதிருக்குப் பதில் தேடப் போய்க் கிடைத்த யோசனை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1964–65இல் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் மெல்லிய நுண்ணலை இரைச்சல் ஒன்றைக் கண்டார்கள். பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பிறகு புறப்பட்ட ஒளி அது, இன்று குளிர்ந்து தனிப்பூச்சியத்துக்கு, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாத வெப்பநிலைக்கு, மேல் 2.7 பாகையில் நிற்கிறது. அன்ரனா போட்டுப் பார்த்த பழைய ரீவியில் அலைவரிசை இல்லாத இடத்தில் ஒரு புள்ளிமழை தெரியுமே, அதில் ஒரு சிறு பங்கு இந்த ஒளிதான். நம் அம்மம்மாமார் வீட்டுக் கூடத்தில் இருந்துகொண்டே பெருவெடிப்பின் மிச்சத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

புதிர் என்னவென்றால், கிழக்கு வானத்தில் இருந்து வரும் அந்த ஒளியும் மேற்கு வானத்தில் இருந்து வருவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன, வித்தியாசம் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அந்த இரண்டு இடங்களும், சாதாரண விரிவை வைத்துப் பார்த்தால், ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள ஒருபோதும் நேரம் இருந்திருக்காது. ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே விடையை ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால் ஆசிரியர் என்ன நினைப்பார்? முன்பு எங்கோ சந்தித்திருக்கிறார்கள் என்றுதான். 1981இல் அலன் கூத் சொன்ன விடையும் அதுவே. ஆரம்பத்தில் எல்லாம் மிகச் சிறிய ஓர் இடத்தில் ஒன்றாய் இருந்து சமநிலைக்கு வந்தன, பிறகு ஒரு செக்கனின் நினைக்க முடியாத சிறு பின்னத்துக்குள் அந்த இடம் பிரமாண்டமாக ஊதிப் பெருத்தது. இதை அண்ட வீக்கம் என்கிறோம். 1982இல் ஆந்திரே லிண்டேயும் வேறு சிலரும் இந்தக் கோட்பாட்டில் இருந்த பெரிய ஓட்டையை அடைத்தார்கள்.

சரி, வீக்கம் எப்படி நின்றது? அங்கேதான் குமிழி வருகிறது. 1983இல் அலெக்சாண்டர் விலென்கின் காட்டியது இது: வீக்கம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. உலை கொதிக்கும்போது பாருங்கள், முழுத் தண்ணீரும் ஒரே கணத்தில் ஆவியாவதில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி வருகிறது. வீக்கம் நின்ற ஒவ்வொரு இடமும் ஒரு குமிழி, ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஒரு பெருவெடிப்பு, ஒரு பிரபஞ்சம். அதில் ஒன்றுக்குள் நாம். ஆனால் இந்த உலைப்பானை குமிழிகளைவிட வேகமாகத் தானே பெருத்துக்கொண்டு போகிறது, அதனால் குமிழிகள் எல்லாம் சேர்ந்து பானையை நிரப்பிவிடுவதே இல்லை, கொதிப்பும் முடிவதில்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம், யாரும் வேறு பிரபஞ்சங்களைத் தேடிப் போகவில்லை என்பது. நம் வானம் ஏன் இவ்வளவு சீராக இருக்கிறது என்று கேட்டார்கள், கிடைத்த விடையின் பின்கதவு வேறெங்கோ திறந்தது.

எல்லாக் குமிழியிலும் ஒரே விதிகள்தானா?

அடிப்படை விதி ஒன்றாக இருந்தாலும் அதிலுள்ள மாறிலிகள் மாறலாம் என்கிறார்கள். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் கைக்கெட்டும் தூரத்தில் ஏழு கிணறுகள், தண்ணீர் வருவது ஒரே நிலத்துக்கு அடியில் இருந்துதான், ஆனாலும் கிணற்றுக்குக் கிணறு சூடு வித்தியாசம். துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்று சொல்லும் இழைக் கோட்பாட்டில் சாத்தியமான குமிழி வகைகளுக்கு அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு, 1 போட்டு அதன் பின்னால் 500 பூச்சியம். அத்தனை வகைக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், நம் கிணற்றின் சூடு உயிர் வாழ ஆச்சரியமாகப் பொருந்தி இருக்கிறது. நியூத்திரன் புரோத்தனைவிட 0.14 சதவீதம் மட்டும் கனமானது. மாறிப்போய் புரோத்தன் அதே அளவு கனமாக இருந்திருந்தால் தனிப் புரோத்தன்கள் நிலைத்திருக்காது, ஐதரசன் இல்லை, தண்ணீர் இல்லை, நாம் இல்லை. இன்னும் பெரிய உதாரணம் அண்டவியல் மாறிலி, அதாவது வெறும் வெளிக்கே உள்ள சக்தி. நேரடியாகக் கணித்தால் வர வேண்டிய அளவைவிட உண்மை அளவு, 1-க்குப் பின் ஏறத்தாழ 120 பூச்சியம் போட்ட எண்ணால் பிரித்தது போலச் சிறியது. 1987இல் ஸ்டீவன் வைன்பெர்க் எழுதினார்: பல பிரபஞ்சங்கள் இருந்து ஒவ்வொன்றிலும் இந்த எண் மாறுமானால், பேரடைகள் உருவாகக்கூடிய அளவுக்குச் சிறிதாக இருக்கும் இடத்தில்தான் அதை அளக்க ஆள் இருக்கும், அதே நேரம் அது சரியாகப் பூச்சியமாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அன்றைக்குப் பெரும்பாலானோர் அது பூச்சியம் என்றே நம்பினார்கள். 1998இல் இரண்டு குழுக்கள் தொலைதூர வெடிமீன்களை அளந்து விரிவு வேகமெடுப்பதைக் கண்டுபிடித்தன, எண் பூச்சியம் இல்லை, வைன்பெர்க் சொன்ன வரம்புக்குள்ளேயே இருந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. பல பிரபஞ்ச யோசனைக்கு ஆதரவாக இருப்பவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். ஆனாலும் ஒரே ஒரு எண், அதை வைத்து வழக்கை முடிக்க முடியாது.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்கவே முடியாதா?

சோதிக்கப் பார்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் இலங்கையில் பிறந்த ஒரு பெண். இதைச் சொல்லும்போது என் வகுப்புப் பெண் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்! ஹிரண்யா பீரிஸ், அண்டவியலாளர், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேலை செய்தவர், பிறகு கேம்பிரிட்ஜில் பேராசிரியர். அவரும் ஸ்டீபன் பீனி, மத்தியூ ஜோன்சன், டானியல் மோர்ட்லொக் ஆகியோரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நம் குமிழி பிறந்த காலத்தில் பக்கத்துக் குமிழி ஒன்று வந்து இடித்திருந்தால், அந்தப் பழைய நுண்ணலை ஒளியில் வட்டமான ஒரு தழும்பு இருக்கும். அந்த ஒளியை அளந்த டபிள்யூமேப் செய்மதியின் ஏழு ஆண்டுத் தரவில் அந்த வட்டங்களைத் தேடினார்கள். சந்தேகப்படக்கூடிய நாலு இடங்கள் கிடைத்தன. ஆனால் புள்ளிவிபரப்படி அவை இடியின் அடையாளம் என்று சொல்லச் சான்று போதவில்லை, அதை அப்படியே எழுதினார்கள்.

நான் அந்த ஆய்வை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அந்த ஒழுக்கம். கண்ணால் பார்த்து வட்டம் கண்டுபிடிப்பது எளிது, மனித மூளை எதிலும் உருவத்தைக் காணும். அதே வான வரைபடத்தில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் ஆங்கில முதலெழுத்துகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாகத் தெரிகின்றன, அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? அதனால்தான் எதைத் தழும்பு என்று எடுத்துக்கொள்வது என்ற விதியைத் தரவைப் பார்க்க முன்னமே கணினியில் கட்டிவைத்துவிட்டுத் தேடினார்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2014 மார்ச்சில், தென்துருவத்தில் இருந்த பைசெப்2 கருவிக் குழு அண்ட வீக்கத்தின் நேரடி அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. அடுத்த வருடம் பிளாங்க் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சமிக்ஞைக்கு நம் பால்வீதியில் உள்ள தூசே போதும் என்று வந்தது. தேடல் இன்னும் நடக்கிறது. அந்த அடையாளம் கிடைத்தால் வீக்கக் கோட்பாடு பலப்படும், அதோடு குமிழி யோசனைக்கும் கொஞ்சம் பலம் சேரும்.

குவாண்டம் உலகங்கள் வேறு என்றீர்களே, அது எப்படி?

இது தூரத்தில் இருப்பது இல்லை. இலத்திரன் ஒன்றை இரண்டு துவாரம் உள்ள தட்டை நோக்கி அனுப்பினால் அது இரண்டு வழியாலும் போனதுபோல நடந்துகொள்கிறது, ஆனால் எந்த வழி என்று அளந்தால் ஒன்றில்தான் காண்கிறோம். மற்ற வழி எங்கே போனது? 1957இல் பிரின்ஸ்டனில் ஹியூ எவரெட் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் சொன்னார்: எங்கேயும் போகவில்லை. சமன்பாடு இரண்டையும் வைத்திருக்கிறது, அப்படியே நம்புங்கள். அளக்கிற கருவியும் அளக்கிற ஆளும் சேர்ந்தே இரண்டு கிளையாகிறார்கள், ஒவ்வொரு கிளையில் உள்ளவரும் ஒரு விடையைக் காண்கிறார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, எவரெட் பல்கலைக்கழகத்தை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வேலைக்குப் போய்விட்டார். 1970இல் பிரைஸ் டிவிட் எழுதிய கட்டுரைதான் இதைப் பரவலாக்கியது. எவரெட் 1982இல், 51 வயதில் இறந்தார்.

இங்கே எல்லோரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதா வெளிநாடு போவதா என்று முடிவு எடுக்கும்போது உலகம் பிரிகிறது என்று சொல்கிறார்கள், கோட்பாடு அதைச் சொல்லவில்லை. பிரிவது அணுத் துகள்கள் சுற்றாடலோடு பின்னிக்கொள்ளும் நிகழ்வுகளில், உங்கள் மனதுக்கு அங்கே தனி இடம் கிடையாது. 2019இல் வியன்னாவில் 2000 அணுக்கள் வரை உள்ள பெரிய மூலக்கூறுகளையே இரண்டு வழியாலும் போகவைத்துக் காட்டினார்கள். குவாண்டம் விதி எவ்வளவு பெரிய பொருள் வரை செல்லும் என்பதற்கு இதுவரை எல்லை காணவில்லை, அந்த அளவுக்கு எவரெட் சொன்னது தள்ளிவிட முடியாத ஒன்று. அதே பரிசோதனை முடிவுகளை வேறு விதமாக விளக்குகிற கோட்பாடுகளும் இருக்கின்றன.

கடலில் போன பிள்ளை வேறு ஒரு உலகத்தில் உயிரோடு இருக்குமா?

இதைக் கேட்டது ஒரு தாய். மகளைக் கூட்டிப் போக வந்தவர், ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மற்றவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டார். 2004 டிசம்பர் 26 காலையில் அவரின் மூத்தவனைக் கடல் கொண்டுபோனது. இந்த ஊரில் சுனாமி இல்லாவிட்டால் யுத்தம், ஏதோ ஒன்றில் ஆளை இழக்காத வீடு எத்தனை? அதனால் இந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன்.

எவரெட் சொன்னது சரியாக இருந்தால், அந்தக் காலை வேறு விதமாக விடிந்த கிளைகள் உண்டு என்று சொல்ல இடம் இருக்கிறது. முடிவில்லாத வெளி உண்மையாக இருந்தால் அதே முகத்தோடு ஒரு பிள்ளை எங்கோ ஓடி விளையாடக்கூடும். ஆனால் அந்தக் கிளைக்கு இங்கிருந்து வழி இல்லை, சேதி இல்லை, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மா வேறு அம்மா. இதே கணக்கு இன்னும் மோசமாக விடிந்த காலைகளையும் சேர்த்துத்தான் தருகிறது, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ள விடாது. நான் அவரிடம் இதைத்தான் சொன்னேன், இன்னும் மெதுவாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அவன் இருந்தது இங்கதானே சேர்" என்றார்.

அந்த உலகங்களுக்குப் போக முடியுமா, கருந்துளை வழியாக?

முடியாது. குமிழிகளுக்கு இடையில் உள்ள வெளி ஒளியால் கடக்க முடியாத வேகத்தில் விரிகிறது, குவாண்டம் கிளைகள் பிரிந்த பிறகு ஒன்றை ஒன்று தொடுவதில்லை. கருந்துளை வேறொரு பிரபஞ்சத்துக்குத் திறக்கும் என்று கடதாசியில் சமன்பாடு எழுதலாம், ஆனால் உள்ளே விழுகிற பொருளின் கதி அங்கே நன்றாகவே தெரியும், நொறுங்கிப்போகும்.

நாசா அண்டார்டிகாவில் இணைப் பிரபஞ்சத்தைக் கண்டுபிடித்துவிட்டதாமே?

இல்லை. 2020 மே மாதம், எல்லோரும் ஊரடங்கில் வீட்டில் இருந்தபோது வட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி அது, எனக்கே இருபது தடவை வந்திருக்கும். அண்டார்டிகாவுக்கு மேல் பலூனில் பறந்த அனிட்டா என்ற கருவி, பனிக்குக் கீழே இருந்து மேல்நோக்கி வந்ததுபோலத் தெரிந்த சில வினோதமான துகள் சமிக்ஞைகளைப் பதிந்தது உண்மை. அதற்கு விளக்கம் தேடியவர்களில் சிலர், காலம் பின்னோக்கிச் செல்லும் ஒரு பிரதிபலிப்புப் பிரபஞ்சம் பற்றிய கணித யோசனையையும் சேர்த்துப் பேசினார்கள். பத்திரிகைகள் அந்த இரண்டையும் ஒட்டி "கண்டுபிடிப்பு" ஆக்கிவிட்டன. கருவியை நடத்திய குழு அப்படி ஒன்றும் அறிவிக்கவில்லை.

பார்க்கவே முடியாததைப் பற்றிப் பேசுவது விஞ்ஞானமா?

இதைக் கேட்கும் மாணவனை நான் தனியாகப் பாராட்டுவேன். பெரிய ஆட்களும் இதையேதான் கேட்கிறார்கள். 2014இல் ஜோர்ஜ் எல்லிஸ், ஜோ சில்க் இருவரும், சோதிக்க முடியாத கோட்பாடுகளை அழகாக இருக்கின்றன என்பதற்காக ஏற்றுக்கொண்டால் பௌதிகவியலின் மதிப்பே கெட்டுவிடும் என்று எச்சரித்தார்கள். வீக்கக் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட், இன்று அதன் மிகக் கடுமையான விமர்சகர். எல்லாமே எங்காவது நடக்கும் என்றால் அந்தக் கோட்பாடு எதையுமே முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அவர் வாதம், அதற்கு முழுமையான பதில் இன்னும் வரவில்லை.

மறுபக்கமும் பலவீனமானது இல்லை. ஒரு கோட்பாட்டின் எல்லா விளைவுகளையும் பார்த்தால்தான் நம்புவோம் என்று நாம் எப்போதும் இருந்ததில்லை. கருந்துளையின் உள்ளே யாரும் பார்க்கவில்லை, ஆனால் ஐன்ஸ்டைனின் கோட்பாடு வெளியில் நூறு இடத்தில் சரியாக வந்ததால் உள்ளே பற்றி அது சொல்வதையும் கவனமாகக் கேட்கிறோம். எதை ஒருபோதும் அறிய முடியாது என்று சொல்வதிலும் நிதானம் வேண்டும். விண்மீன்கள் எதனால் ஆனவை என்று மனிதனால் ஒருபோதும் அறிய முடியாது என்று 1835இல் பிரெஞ்சுத் தத்துவஞானி ஒகுஸ்த் கொம்த் எழுதினார். 1868இல் சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டை வைத்து, பூமியில் அதுவரை யாரும் காணாத ஈலியத்தை ஊகித்தார்கள், 1895இல் அது பூமியிலும் கிடைத்தது.

நான் எடுக்கும் நிலை இது: குமிழிகள் விஞ்ஞானக் கேள்விதான், விடை கண்ட விஞ்ஞானம் இல்லை.

நம் முன்னோர் இதை அப்போதே சொல்லிவிட்டார்களே?

திருவாசகத்தில் திருவண்டப்பகுதி ஓதியவர்களுக்குத் தெரியும், அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடப்பதாகவும், வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் தெரியும் தூசுபோல அவை இறைவன் முன் சிறியன என்றும் மாணிக்கவாசகர் பாடுகிறார். கிண்ணியாவில் இருந்து வரும் ஒரு மாணவன், குர்ஆன் இறைவனை "அகிலங்களின்" இரட்சகன் என்று பன்மையில்தான் சொல்கிறது என்றான். 12ஆம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் பக்ருத்தீன் அர்ராஸி, இறைவன் நினைத்தால் இந்த உலகத்துக்கு அப்பால் ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்க முடியும் என்று வாதித்ததும் உண்மை. பௌத்த நூல்களிலும் எண்ணற்ற உலகத் தொகுதிகள் வருகின்றன. இந்த ஊரில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் ஒரு நடை தூரத்தில் இருக்கின்றன, அவற்றில் சைவம், இஸ்லாம், பௌத்தம் என்ற மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி விரிந்த கற்பனை வந்திருப்பது எனக்குச் சந்தோஷமான விஷயம்.

ஆனால் அவர்கள் அண்ட வீக்கத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது அவர்களுக்கும் மரியாதை இல்லை. மாணிக்கவாசகர் அளக்கப் புறப்படவில்லை, அளக்க முடியாததன் முன் நின்று உருகினார். அவருடையது வேறு வேலை.

சோதனையில் வருமா?

உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டத்தில் பல பிரபஞ்சம் இல்லை. அலைகளும் குறுக்கீடும் வெப்பக் கதிர்ப்பும் இருக்கின்றன, மேலே சொன்ன அத்தனைக்கும் அத்திவாரம் அவைதான், அவற்றை வடிவாகப் படியுங்கள்.

நீங்கள் நம்புகிறீர்களா, சேர்?

தொடுவானத்துக்கு அப்பாலும் இதே கடல் நீள்கிறது என்று நம்புகிறேன், அதில் பந்தயம்கூடக் கட்டுவேன். குமிழிகள் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன், வைன்பெர்க்கின் எண் இல்லாவிட்டால் அவ்வளவுகூட நினைத்திருக்க மாட்டேன். எவரெட்டின் கிளைகள் விஷயத்தில், சமன்பாட்டைப் பார்க்கும்போது சரி என்று படுகிறது, கடற்கரையில் அந்தத் தாயின் பக்கத்தில் நின்றபோது மனம் ஏற்கவில்லை. மனம் ஏற்காதது ஒரு வாதம் இல்லை என்று எனக்குத் தெரியும், உண்மையாகக் கேட்டதால் உண்மையைச் சொல்கிறேன்.

வெறும் கண்ணால் எவ்வளவு தூரம் பார்க்கலாம்?

25 இலட்சம் ஒளியாண்டு. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில், நிலவில்லாத இரவொன்றில் பதினொரு மணிக்குப் பிறகு நிலாவெளிக்கோ குச்சவெளிப் பக்கத்துக்கோ போங்கள், ஹோட்டல் வெளிச்சம் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். போனை அணைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். வடகிழக்கில், நாலு விண்மீன் சேர்ந்த பெரிய சதுரம் ஒன்றின் இடது பக்கமாக, விரலால் தேய்த்த மாவுபோல ஒரு மங்கல் தெரியும். அதுதான் அந்திரோமேடாப் பேரடை. நேரே பார்த்தால் மறைந்துபோகும், கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் தெரியும். அக்டோபர் பிந்தினால் வாடைமழை தொடங்கிவிடும், அதற்கு முன் போய்விடுங்கள்.